மாகுலா சிதைவு முற்றுவதை விழித்திரைப் படங்களில் முன்கூட்டியே கண்டுகொள்வது எப்படி?

அறுபதைக் கடந்தவர்களுக்குப் பார்வை மங்கினால், தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கண்புரைதான். புரை எடுத்து லென்ஸ் வைத்த பின்னும் எழுத்து தெளியாவிட்டால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். அவர்களில் சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா மெல்லச் சிதைந்துகொண்டிருக்கக்கூடும். முகம் பார்ப்பது, படிப்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அந்தச் சிறு இடத்தை நம்பியே நடக்கின்றன. மாகுலா சிதைவு தொடங்கியிருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்ட பெரியவர்களுக்கும், அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ஒரு படம் சொல்லிவிடும். முற்றுகிறதா என்பது பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தால்தான் தெரியும். ஆகவே நோய் தெரிந்த உடனேயே இரு கண்களுக்கும் ஃபண்டஸ் படமும் (விழித்திரையை நேரே பார்த்து எடுக்கும் புகைப்படம்) ஓ.சி.டி. ஸ்கேனும் (விழித்திரையின் அடுக்குகளை வெட்டுமுகமாகக் காட்டும் படம்) எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். விழித்திரையின் தடிமனை ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் சற்று வேறுவிதமாக அளப்பதால், தஞ்சாவூரோ கும்பகோணமோ திருச்சியோ, ஒரே இடத்தில் ஒரே கருவியில் தொடர்ந்து எடுப்பது நல்லது. சென்ற முறை எடுத்த அதே இடத்தை இரத்தக்குழாய்களின் அமைப்பைக் கொண்டு அடையாளம் கண்டு மீண்டும் எடுக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. அதைப் பயன்படுத்தும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனையை மாற்ற நேர்ந்தால், அச்சிட்ட தாளோடு நிறுத்தாமல், முழு ஸ்கேனையும் பென் டிரைவில் வாங்கிச் செல்லுங்கள். தாளில் ஓரிரு வெட்டுமுகங்களே இருக்கும். மாற்றம் வேறொரு வெட்டுமுகத்தில் இருக்கலாம்.

ஓ.சி.டி. வலியில்லாத சோதனை. கண்ணுக்குள் அகச்சிவப்புக்கு நெருங்கிய ஒளியைச் செலுத்தி, திரும்பி வருவதைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளைப் படமாக்குகிறார்கள்; சில நிமிடங்களில் முடிந்துவிடும். படத்தின் ஓரத்தில் அதன் தரத்தைக் காட்டும் எண் ஒன்று இருக்கும். புரை முற்றியிருந்தாலோ கண் வறண்டிருந்தாலோ அந்த எண் குறையும், அத்தகைய படத்தை வைத்து ஒப்பிடுவது நம்பகமாகாது. கண் பாப்பாவை (கண்ணின் நடுக் கருவட்டத்தை) விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும் என்பதால், தனியாக வண்டி ஓட்டி வராமல் துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்.

படத்தில் முதலில் பார்ப்பது ட்ரூசன் எனப்படும் மஞ்சள் படிவுகளை. 63 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த சிறு புள்ளிகள் வயதானவர்களுக்கு இயல்பாகவே காணப்படும்; 125 மைக்ரானுக்கு மேற்பட்டவை நோய் நடுக்கட்டத்துக்கு வந்துவிட்டதைக் காட்டுகின்றன. படிவுகள் சேர்ந்து பெருகுவதும், அவற்றின் மேலுள்ள அடுக்குகளில் வெண்மையாக மின்னும் புள்ளிகள் தோன்றுவதும் முற்றுவதன் அறிகுறிகள். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்பு பெரிதாக இருந்த படிவு அடுத்த படத்தில் சுருங்கியிருந்தால் குணமாகிவிட்டது என்று மகிழத் தோன்றும்; ஆனால் அந்த இடத்து நிறமி அடுக்கே அழியத் தொடங்கியிருப்பதாலும் படிவு வடியலாம். ஓ.சி.டி. ஒளி அவ்விடத்தில் வழக்கத்தைவிட ஆழமாக ஊடுருவியிருக்கிறதா, விழித்திரை தானே உமிழும் மெல்லிய ஒளியைப் பதிவு செய்யும் ஆட்டோஃபுளோரசன்ஸ் படத்தில் கரும்திட்டு தென்படுகிறதா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

இதைவிட அவசரமானது நீர்க்கசிவு. விழித்திரைக்கு உள்ளேயோ அடியிலோ கறுப்பு இடைவெளியாக அது தெரியும். புதிய இரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியும் ஈர வகைக்கு நோய் மாறிவிட்டதற்கு அது பெரும்பாலும் அடையாளம். உறுதிசெய்ய, சாயம் இல்லாமலே இரத்தக்குழாய்களைக் காட்டும் ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி எடுப்பார்கள், அல்லது கை நரம்பில் சாயம் ஏற்றிப் படம் எடுப்பார்கள். சாயம் ஏற்றினால் சிறுநீர் ஒரு நாள் அளவுக்கு மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம்; ஒவ்வாமை இருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட், பெவாசிசுமாப் போன்ற ஊசிகள் கசிவை அடக்குகின்றன. தழும்பு விழுந்த பின் இழந்த பார்வையை அவற்றால் மீட்க முடியாது. காலத்தில் படம் எடுக்க நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இடைப்பட்ட நாட்களில், படிக்கும் கண்ணாடியை அணிந்துகொண்டு, 10 செ.மீ. சதுரமான ஆம்ஸ்லர் கட்டப்படத்தை ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நடுப்புள்ளியைப் பாருங்கள். பின்னர் கண்ணை மாற்றுங்கள். இரு கண்ணையும் சேர்த்துத் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். படம் கைவசம் இல்லாவிட்டால் திண்ணையின் அழிக்கம்பிகளை இதே முறையில் பார்க்கலாம். நேரான கம்பி புதிதாக வளைந்தோ நடுவில் அறுந்தோ தெரிந்தால், அறுவடையும் விசேஷமும் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் ஓரிரு நாட்களுக்குள் ஸ்கேனுக்குப் போய்விடுங்கள். கோடுகள் நேராகவே தெரிந்தாலும் குறித்த தேதி ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள். கசிவு மையத்தை எட்டும் வரை கண்ணுக்கு எதுவும் தெரியாமலும் இருக்கலாம். ஒரு கண்ணில் ஏற்கெனவே ஈர வகை வந்தவர்களுக்கு மற்ற கண்ணிலும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், ஊசிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கண்ணையும் ஸ்கேன் செய்ய வேண்டுமா என்று கேளுங்கள்.