ஊர்ல பிரச்சனைன்னா பொம்பளைங்க மைக் பிடிக்கறது எப்படி

எங்களுது கிருஷ்ணகிரி பக்கம், ஊர்ப்பேரு வேணாம். தெரு முனைல மாரியம்மன் கோயிலு, நாலு கடை தள்ளி பள்ளிவாசல், பின்னாடி சந்துல பத்து பதினஞ்சு கிறிஸ்டியன் வீடு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஊர்வலத்துல பசங்களுக்குள்ள கைகலப்பாகி, அன்னிக்கு ராத்திரியே எந்த ஊரு வீடியோவோ ஒண்ணு நம்ம ஊருதான்னு வாட்ஸப்ல சுத்த ஆரம்பிச்சு, காலைல பால் வாங்கப் போனா எதுத்த வீட்டு ஆப்பா (உருதுல அக்கா) என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி போறாங்க. வருஷா வருஷம் எங்க வீட்டுக்கு நோன்புக் கஞ்சி குடுத்து விடற மனுஷி. அந்த வாரம்தான் நாங்க பொம்பளைங்க சேந்து ஒரு கூட்டம் போட்டோம். மொதல் கூட்டம் படு சொதப்பல், ரெண்டாவது பரவால்ல. அதுல கத்துக்கிட்டதத்தான் எழுதறேன், உங்க ஊர்ல தேவைப்பட்டா எடுத்துக்கோங்க.

யாரைக் கூப்பிடறதுன்னு மண்டைய ஒடச்சிக்க வேணாம், மகளிர் குழுல இருந்து ஆரம்பிங்க. தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழு மொதமொதல்ல ஆரம்பிச்சதே 1989ல நம்ம தர்மபுரி மாவட்டத்துலதான், அப்போ கிருஷ்ணகிரியும் அதுக்குள்ளதான் இருந்துச்சு, 2004லதான் தனியா பிரிஞ்சுது. குழுல கடன் கட்டும்போது யாரு எந்த சாமி கும்பிடறாங்கன்னு யாரும் கேக்கறதில்ல, ஒருத்தி தவணை விட்டா பத்து பேரும் சேந்து அவ வீட்டு வாசல்ல போய் நிப்போம். அந்தப் பழக்கம் இதுக்கு உதவும். மேடைல பேச ஆறு ஏழு பேரு போதும், ஆனா ஒரு மதத்துல இருந்து ஒரே ஒரு ஆள மட்டும் உக்கார வைக்காதீங்க, ரெண்டு பேராவது வேணும். தனியா ஒருத்திய உக்கார வச்சா அவ மொத்த மதத்துக்கும் பதில் சொல்ல வந்த மாதிரி ஆயிடும், பாவம்.

எங்க மொதல் கூட்டம் சொதப்புனதும் இதனாலதான். வந்தவங்க எல்லாம் எம்மதமும் சம்மதம், நாமெல்லாம் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சின்னு பேசினாங்க, கை தட்டுனோம், நல்லாத்தான் போச்சு. கடைசில ஒரு பெரிய மனுஷன் எந்திரிச்சு, "ஏம்மா, உங்க பசங்க பண்ணது தப்புன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க"ன்னு ஆப்பாவப் பாத்து கேட்டாரு. அவங்க புள்ள அன்னிக்கு ஊர்லயே இல்ல, ஓசூர்ல கம்பெனில ஷிஃப்ட்ல இருக்கான், அவங்க எதுக்கு சொல்லணும்? ஒண்ணும் பேசாம புர்காவ சரி பண்ணிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. எங்களுக்கு அவமானமாப் போச்சு, சோறு எறங்கல.

அதனால நாங்க ரெண்டாவது தடவ வச்ச ஒரே ரூல், யாரும் அடுத்தவங்க ஆளுங்களப் பத்தி பேசக்கூடாது, அவங்கவங்க ஆளுங்களப் பாத்து பேசணும். அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊத்தற அக்கா எங்க பசங்களப் பாத்து "டேய், பள்ளிவாசல் முன்னாடி நின்னு கத்தறதுக்காடா நான் உனக்குக் காப்பு கட்டி விட்டேன்"னு கேட்டுச்சு. ஆப்பா அவங்க பசங்களப் பாத்து உருதுல நாலு வார்த்த சொன்னாங்க, எனக்கு பாதிதான் புரிஞ்சுது, ஆனா பின்னாடி நின்ன பசங்க தலைய தொங்கப்போட்டத பாத்தேன். இது எங்க கண்டுபிடிப்புன்னு நெனச்சேன், அப்புறம் படிச்சுப் பாத்தா ஆப்பிரிக்காவுல லைபீரியா பொம்பளைங்க 2003லயே இப்படித்தான் பண்ணியிருக்காங்க. அங்க பல வருஷமா உள்நாட்டு சண்டை. லேமா போவீன்னு ஒரு அம்மா சர்ச்சுல பொம்பளைங்கள கூட்டிப் பேசறாங்க, அங்க வந்திருந்த அசாது பா கென்னத்ங்கற முஸ்லிம் போலீஸ்கார அம்மா எந்திரிச்சு நான் எங்க பொம்பளைங்கள கூட்டிட்டு வரேன்னு சொல்றாங்க. அப்புறம் வெள்ளிக்கிழமை தொழுகை முடியற நேரம் பள்ளிவாசலு, சனிக்கிழமை சந்தை, ஞாயித்துக்கிழமை சர்ச்சுன்னு கிழமை பிரிச்சுக்கிட்டு போயிருக்காங்க. தலைநகரம் மன்ரோவியால அதிபர் சார்லஸ் டெய்லர் கார் போற வழில மீன் மார்க்கெட் பக்கத்துல வெயிலு மழைன்னு பாக்காம உக்காந்தாங்க. கானா நாட்டுல பேச்சுவார்த்தை இழுத்துக்கிட்டே போகவும் அங்கயும் போயி, ஆம்பளைங்க வெளிய வரமுடியாம மண்டப வாசல்ல கைகோத்து உக்காந்துட்டாங்க. ஆகஸ்ட் 18ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. 2011ல நோபல் பரிசு வாங்கின மூணு பொம்பளைங்கள்ல போவீயும் ஒருத்தங்க. (புருஷன்மார பக்கத்துல சேக்க மாட்டோம்னும் அங்க ஒரு போராட்டம் நடந்துச்சு, அதுக்கு நம்ம ஊர்ல ஆள் சேராது, விடுங்க.)

அவங்ககிட்ட இருந்து எல்லாத்தையும் காப்பியடிக்கவும் முடியாது. அவங்க எல்லாரும் வெள்ளை உடுத்திக்கிட்டு உக்காந்தாங்க, இங்க சுமங்கலிப் பொம்பளை வெள்ளைப் புடவைல கூட்டத்துக்குக் கெளம்புனா வீட்ல மாமியாரே விட மாட்டாங்க. காவி வேணாம் பச்சை வேணாம், கட்சிக் கரை போட்ட புடவை வேணவே வேணாம். குழு யூனிஃபார்ம் புடவை இருந்தா அதையே கட்டுங்க, புர்கா போடறவங்க போடட்டும், சர்ச் சிஸ்டர் அவங்க உடுப்புல வரட்டும், எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்கணும்னு இல்ல.

எடம் நேரம் ரெண்டும்தான் முக்கால்வாசி வேலை. கோயில் மண்டபம், மதரசா, சர்ச் ஹால் மூணும் வேணாம், எந்த எடமானாலும் ஒரு பக்கம் பொம்பளைங்க படியேற யோசிப்பாங்க. ஸ்கூல் கிரவுண்டோ, ரேஷன் கடை முன்னாடி இருக்கற காலி எடமோ பாருங்க. வெள்ளி மத்தியானம் ஜும்மா, ஞாயிறு காலைல சர்ச்சு, செவ்வா வெள்ளி சாயங்காலம் கோயிலு, கிராமம்னா சாயங்காலம் சொசைட்டிக்கு பால் ஊத்தற நேரம் வேற இருக்கு, மாடு யாருக்காகவும் காத்திருக்காது. மாங்கா சீசன்ல பாதிப் பொம்பளைங்க மாங்கூழ் ஃபேக்டரி வேலைக்கு போயிடுவாங்க. எங்களுக்கு சரிப்பட்டது சனிக்கிழமை மூணு மணி, நாலரைக்குள்ள முடிக்கணும், மஃரிப் பாங்குக்கு (சாயங்காலத் தொழுகை அழைப்பு) முன்னாடி எல்லாரும் வீடு சேந்துடலாம். சாப்பாடுன்னு பெருசா எதுவும் வேணாம், அவிச்ச வேர்க்கடலை, சுண்டல், டீ போதும், எல்லாரும் கை நனைக்கலாம். நோன்பு மாசத்துல வச்சா அந்த டீயும் வேணாம்.

ஸ்டேஷன் வேலைய கடைசி நேரத்துக்கு வைக்காதீங்க. ஒரு வாரம் முன்னாடியே எழுத்துல மனு குடுங்க, எடம், தேதி, எத்தன மணில இருந்து எத்தன மணி வரைக்கும், எத்தன பேரு வருவாங்க, பொறுப்பு யாரு, மைக் உண்டா இல்லையா எல்லாம் எழுதணும். குடுத்ததுக்கு ஒரு காப்பில சீல் வாங்கி வச்சுக்கோங்க, வாய் வார்த்தைய நம்பி நாங்க பட்ட அவஸ்த போதும். பதட்டமான நேரத்துல தடை உத்தரவு போட்டிருப்பாங்க, முன்ன 144ன்னு சொன்னது இப்போ புது சட்டத்துல (BNSS) 163வது பிரிவு. அது இருந்தா மீறாதீங்க, தேதிய தள்ளி வைங்க. ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் வெளிய ஒலிபெருக்கி கூடாது. பேசறவங்களுக்கு இன்னொன்னும் சொல்லி வைங்க, மதத்தையோ ஜாதியையோ சொல்லி பகைய மூட்டற மாதிரி பேசுனா புது தண்டனைச் சட்டத்துல (BNS) 196வது பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் உள்ள தள்ளலாம், அது சமாதானக் கூட்டத்துல பேசினாலும் சேத்திதான்.

பேச்சு ஆளுக்கு மூணு நிமிஷம். எழுதி படிக்க வேணாம், படிச்சா ரேடியோ நியூஸ் மாதிரி இருக்கு, நடந்த ஒரே ஒரு விஷயத்த சொன்னா போதும். அன்னிக்கு ராத்திரி புள்ளைக்கு ஜுரம், ஆஸ்பத்திரிக்கு போக ஒரு ஆட்டோ வரலன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு, அதுக்கப்புறம் மதநல்லிணக்கத்தப் பத்தி யாரும் தனியா பேச வேண்டியிருக்கல. மொழியும் பாத்துக்கோங்க, ஓசூர் தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்ல தெலுங்கு கன்னடம் உருது பேசறவங்க ஜாஸ்தி, பாட்டிங்க அவங்க மொழில பேசட்டும், பக்கத்துல ஒருத்தி நின்னு ரெண்டு வரில தமிழ்ல சொல்லட்டும். மைக் பயம் இருந்தா கிராம சபைல பழகுங்க, வருஷத்துக்கு ஆறு தடவ நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தண்ணி வரலன்னு அங்க எந்திரிச்சு கேட்டவளுக்கு இங்க கை நடுங்காது.

நக்கல் மட்டும் வேணாம். நம்ம தகடூர் (இப்போ தர்மபுரி) அதியமானுக்காக ஔவையார் தொண்டைமான்கிட்ட தூது போன கதை தெரியும்ல, புறநானூறு 95வது பாட்டு. அவன் ஆயுதக் கிடங்க காட்டி பெருமையடிக்க, உன் வேலெல்லாம் மயில் பீலி வச்சு மாலை போட்டு நெய் பூசி பளபளன்னு இருக்கு, எங்காளோடதெல்லாம் குத்திக் குத்தி மொனை ஒடஞ்சு கொல்லன் பட்டறைல கெடக்குன்னு சொன்னாங்க. அந்தக் குத்தல் ஔவைக்கு செல்லும், ராஜா சபைல நின்ன தைரியம் அது. நீங்களும் நானும் அதையே தெருவுல பேசினா கிளிப்ப வெட்டி ஸ்டேட்டஸ்ல போட்டுடுவாங்க.

வீடியோவுக்கும் அதேதான் சொல்றேன். லைவ் போடாதீங்க. ஒருத்தர் மட்டும் முழுசா எடுங்க, நாளைக்கு யாராவது வெட்டி ஒட்டி விட்டா காட்ட முழு வீடியோ கைல இருக்கணும். பேசறவங்ககிட்ட மொகம் வரலாமான்னு கேட்டுட்டு எடுங்க, சில பேரு வீட்ல பிரச்சனை ஆகும். கட்சிக்காரங்கள வேணாம்னு சொன்னாலும் வருவாங்க, வந்தா கீழ சேர்ல உக்காரச் சொல்லுங்க, பொன்னாடை கிடையாதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. யாராவது கூட்டத்துல கத்துனா பதில் பேசாதீங்க, மைக்க ஆஃப் பண்ணிட்டு அவன் தெருவ சேந்த வயசான அம்மா ஒருத்தங்கள அவன்கிட்ட அனுப்புங்க. "யாரு மவன்டா நீ"ன்னு கேட்டாலே பாதி பேரு நகந்துடுவான்.

கூட்டம் போட்டா எல்லாம் அடங்கிடும்னு நான் சொல்லல. 2023 அக்டோபர் 4ம் தேதி இஸ்ரேல் பொம்பளைங்களும் பாலஸ்தீனப் பொம்பளைங்களும் சேந்து ஜெருசலேம்லயும் சாக்கடல் கரையிலயும் சமாதானம் கேட்டு கூடினாங்க. மூணே நாள்ல ஹமாஸ் தாக்குதல், காசாவுல போரு. அந்த இஸ்ரேல் பொம்பளைங்களோட அமைப்பு 'விமன் வேஜ் பீஸ்', அத ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தங்களான விவியன் சில்வரும் அக்டோபர் 7 தாக்குதல்ல செத்துட்டாங்க. அதுக்கப்புறமும் ரெண்டு பக்கத்துப் பொம்பளைங்களும் பேசறத நிறுத்தல. இத படிச்சு ரெண்டு நாள் எனக்கு தூக்கம் வரல.

இன்னொன்னு, நம்ம ரெண்டு மாவட்டத்துல மதச் சண்டைய விட ஜாதிச் சண்டைதான் ஆழம். 2012 நவம்பர் 7ல தர்மபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் உட்பட மூணு தலித் காலனில இருநூறு வீட்டுக்கு மேல எரிஞ்சத யாரும் மறக்கல. மதத்துக்கு கூட்டம் போடறப்போ கைகோத்து நிக்கறவங்களே ஜாதின்னா பின்னாடி நகந்துக்கறாங்க, எங்க குழுலயே பாத்திருக்கேன். அதுக்கும் இதே வழி செல்லும், ஆனா அங்க ஊர்த்தெரு பொம்பளைங்க மொதல்ல பேசணும், அடிபட்டவங்கள மேடையேத்தி சமாதானம் சொல்லச் சொல்லாதீங்க.

அப்புறம் பிரச்சனைன்னா அதிகாரிங்க ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு அமைதிக் கூட்டம் போடுவாங்கல்ல, நான் பாத்த கூட்டத்துல நாப்பது ஆம்பளை, தண்ணி பாட்டில் வைக்க ஒரு பொம்பளை. பேச்சுவார்த்தைல பொம்பளைங்களும் இருக்கணும்னு ஐநா பாதுகாப்பு சபை 2000லயே 1325ம் தீர்மானம் போட்டிருக்கு, அது நாட்டுச் சண்டைக்குதான், ஆனா நம்ம ஊருக்கு மட்டும் வேற நியாயமா? திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள்ல மனு குடுங்க, அடுத்த அமைதிக் கூட்டத்துல எங்க தெருவுல இருந்து மூணு பொம்பளைங்க வருவோம்னு பேரோட எழுதுங்க. மனு ரசீத பத்திரமா வைங்க.

கூட்டம் முடிஞ்சதும் ஜமக்காளத்த மடிச்சு எண்ணி குடுங்க, எங்களுக்கு ஒண்ணு கொறஞ்சு முன்னூறு ரூபா தண்டம். தெருவுக்கு ரெண்டு பேரு ஃபோன் நம்பர வாங்கி ஒரு சின்ன குரூப் போடுங்க, வாட்ஸப்ல எது வந்தாலும் அந்த தெரு ஆளுக்கு போன் போட்டு கேட்டுட்டுதான் அடுத்த வேலை. போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு ஆப்பா எனக்கு போன் பண்ணாங்க, "உங்க தெருவுல கல்லு விழுந்துச்சாமே"ன்னு. எந்திரிச்சு வாசல்ல போய் பாத்தேன், நாய் படுத்திருந்துச்சு, அதத்தான் சொன்னேன்.