ஜெர்மனியில் படிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பாடம் கஷ்டம், குளிர் கொல்லும் என்றுதான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஆனால் ஜெர்மனிக்குப் போகும் நம் மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது தபாலிலும் கெடு தேதியிலும்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அடுக்குமாடிகளில் பெரும்பாலும் ஃப்ளாட் நம்பர் இருக்காது. பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். இன்சூரன்ஸ் கார்டு, வரி எண் என முக்கியமானவை தபாலில்தான் வரும். வந்த கடிதம் ஜெர்மனில் இருக்கிறதே, அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைப்பதும் ஆபத்து. வீட்டில் டிவியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் உண்டு. அந்தக் கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். ஆனால் இது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. நான்கு பேர் சேர்ந்து இருந்தால் ஒருவர் கட்டினால் போதும்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதை ஆன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு படிவம் தேவை. வாடகை குறைவு, ஆனால் ஆன்மெல்டுங் செய்ய முடியாது என்று சொல்லும் அறைகளை நீண்ட காலத்துக்கு எடுக்காதீர்கள். வரி எண்ணிலிருந்து ரெசிடென்ஸ் பெர்மிட் வரை பலதும் அந்தப் பதிவை நம்பித்தான் இருக்கின்றன. "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யாராவது சொன்னால் அது மோசடி, யோசிக்கவே வேண்டாம். சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத அடிப்படை வாடகையை (ஹீட்டிங் போன்ற கூடுதல் செலவு சேராதது) தாண்டக் கூடாது.

இனி படிப்பு. தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கல்லூரியில் பழகிய அரியர் மனநிலையோடு போகாதீர்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். அதே படிப்பை வேறு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பெரும்பாலும் முடியாது. இன்னொன்று: வகுப்பில் சேர்ந்துவிட்டால் தேர்வுக்கும் பெயர் கொடுத்ததாக ஆகாது. தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும், தேதி போனால் போனதுதான். பதிந்துவிட்டு, விலகாமல், தக்க காரணமும் இல்லாமல் தேர்வுக்குப் போகாமல் இருந்தால் பல இடங்களில் 5.0, அதாவது ஃபெயில். ஒரு வாய்ப்பு வீண். சேர்ந்த வாரத்திலேயே உங்கள் துறையின் தேர்வு விதிகளைப் படித்துவிடுங்கள். சீனியர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம், அவர் துறைக்கு விதி வேறாக இருக்கலாம்.

மருத்துவ இன்சூரன்ஸில் விலை மட்டும் பார்ப்பது பெரிய தவறு. 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரசு சார்ந்த காப்பீட்டில் மாணவர் கட்டணம் உண்டு. மாதம் கொஞ்சம் மிச்சம் என்று தனியார் காப்பீட்டுக்காக இதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பி வர முடியாது. ஊரில் எடுத்த டிராவல் இன்சூரன்ஸ் சேர்க்கைக்குச் செல்லாது.

பகுதிநேர வேலைக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று வரம்பு இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குள் மாணவ உதவியாளராகச் செய்யும் வேலை இதில் சேராது, முடிந்தால் அதைப் பிடியுங்கள். ஃப்ரீலான்ஸ் என்று சொல்லி ஆள் எடுக்கும் டெலிவரி வேலைகளில் கவனம்: சுயதொழிலுக்குத் தனி அனுமதி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அரிசி, பருப்பை சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

கடைசியாக ரெசிடென்ஸ் பெர்மிட். பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய உரிமை தொடரும். அதற்கு ஒரு தற்காலிகச் சான்றிதழ் தருவார்கள். அதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஒன்றில் வெளிநாடு போய்த் திரும்பலாம், இன்னொன்றில் போனால் திரும்பி நுழைய முடியாது. பொங்கலுக்கு ஊர் டிக்கெட் போடும் முன் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.