கச்சத்தீவில் தொடங்காதீர்கள்: குமரியிலிருந்து வெளியுறவு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து அரசியலும் வெளியுறவுக் கொள்கையும் எழுத வரும் இளைஞர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். ஆய்வு மையங்களுக்கு அனுப்புமுன் திருத்தத்துக்கு வரும் அவர்கள் கட்டுரைகளைப் படித்தால், இந்த வேலையில் பழகியவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் வருகின்றன. அமைச்சர் பெயர் மாறிப்போவது, கூட்டணிக் கணக்கு பிசகுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறோம். அவற்றை எந்த வாசகரும் பிடித்துவிடுவார். எவர் கண்ணிலும் படாமல் அச்சேறி, பிறகு கடற்கரை ஊர்களுக்கு நட்டம் வைக்கிற தவறுகளைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

குமரி மீனவர் என்றாலே கச்சத்தீவு

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து போன ஒரு விசைப்படகு, மாலத்தீவுக்கும் தெற்கே உள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்துக் கடலில் பிடிபட்டது. பிடித்தது பிரிட்டிஷ் நிர்வாகம். அதைப் பற்றி ஓர் இளைஞர் எழுதிய கட்டுரையின் முதல் வரி, “1974இல் கச்சத்தீவைத் தாரைவார்த்ததன் விளைவாக…” என்று தொடங்கியது. படகுக்காரர் வீட்டில் அதை வாசித்துக் காட்டியபோது, முடியும்வரை பொறுமையாகக் கேட்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “இதுல நம்ம போட்டு எங்க மக்கா இருக்கு?”

கன்னியாகுமரியிலிருந்து கச்சத்தீவு நேர்க்கோட்டில் சுமார் 260 கிலோமீட்டர். நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர்க்காரர்களின் தங்குகடல் படகுகள் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பவை) அந்தப் பக்கம் தலைவைப்பதே இல்லை. அவர்கள் போவது தெற்கும் மேற்கும்: லட்சத்தீவு, மாலத்தீவு எல்லை, அதற்கும் கீழே சாகோஸ். தொழிலும் வேறு. பாக் நீரிணைச் சண்டையின் மையம், கடல் தரையை வாரிக்கொண்டு போகும் அடிமட்ட இழுவைமடி வலை. இலங்கை அதை 2017 ஜூலையில் சட்டம் போட்டுத் தடைசெய்தது. தூத்தூர்க்காரர்களின் பெயர்பெற்ற தொழில், நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில்முள் கட்டி மீன்பிடிக்கும் ஆயிரங்கால் தூண்டில். ராமேசுவரத்துக்கு எழுதிய வாதத்தைத் தூக்கி இங்கே ஒட்டினால், செய்யாத குற்றத்துக்குச் சமாதானம் சொன்னதாகத்தான் முடியும்.

இதைவிட எரிச்சலூட்டுவது, இந்தியாவும் இலங்கையும் 1974இலும் 1976இலும் செய்த இரண்டு கடல் எல்லை ஒப்பந்தங்களை ஒரே ஒப்பந்தமாக எழுதுவது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறையாவது வாசிக்கவேண்டும், சில பக்கங்கள்தான்.

1974 ஜூன் ஒப்பந்தம் ஆடம் பாலத்திலிருந்து (ராமர் பாலம்) பாக் நீரிணை வரையான கடலுக்கு மட்டும் கோடு போட்டது. அதன் 5ஆம் உறுப்பு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்புபோலக் கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்கிறது. 6ஆம் உறுப்பு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடலில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. மீன்பிடி உரிமை என்ற சொல் இரண்டிலும் நேராக இல்லை. இத்தனை ஆண்டுச் சச்சரவும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

1976 மார்ச் 23 ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் கோடு போட்டது. அதே நாளில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்ற வாசகம் இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. பலரும் அந்தப் பத்தியோடு நிறுத்திவிடுகிறார்கள். குமரிக்காரர் வாசிக்கவேண்டியது அதற்கு அடுத்த பத்தியை.

அது வாட்ஜ் பேங்கைப் பற்றியது. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிகுந்த அந்தத் திட்டு இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் (கடல்வளம் இந்தியாவுக்கே உரிய பகுதி) வருகிறது, அதன் வளங்கள்மீது இந்தியாவுக்கே இறையுரிமை உண்டு என்று இலங்கை ஒப்புக்கொள்கிறது. அங்கே நெடுங்காலம் தொழில் செய்துவந்த இலங்கைக் கப்பல்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம் மட்டும் தரப்பட்டது: அதிகபட்சம் 6 கப்பல்கள், ஆண்டுக்கு 2,000 டன், அதுவும் இந்திய உரிமத்தோடு. அதன்பின் அவர்கள் உரிமை முடிந்தது. வடக்கே இராமநாதபுரத்து மீனவர் இழந்ததும் தெற்கே குமரி மீனவர் பெற்றதும் ஒரே கடிதத்தில் அடுத்தடுத்த பத்திகள்.

இது தெரியாமல் எழுதும்போது நேர்வதைப் பாருங்கள். “மரபுவழி உரிமைக்கு முன் எல்லைக்கோடு செல்லாது” என்று உணர்ச்சியோடு ஒரு வரி போடுகிறோம். கொழும்பில் அதை வாசிக்கிறவர் உடனே கேட்பார்: அப்படியானால் வாட்ஜ் பேங்கில் எங்கள் மரபுவழி உரிமை என்ன ஆயிற்று? பதில் வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அந்த வரியை எழுதாதீர்கள். “1976ஐ முழுசாக ரத்து செய்” என்று எழுதுமுன்னும் இந்தப் பத்தியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ராமேசுவரத்துக்காரர் வலி உண்மையானது. அதற்காக எழுதுவது தவறே இல்லை. தனக்குக் கைவந்த கடலை அறியாமலேயே பணயம் வைப்பதுதான் பொறுக்கமுடியாதது.

இன்னொன்றும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அந்த மூன்று ஆண்டுக்குள் இந்தியா வாட்ஜ் பேங்கில் பெட்ரோலியம் தேட முடிவெடுத்தால், அந்தப் பகுதிகளில் இலங்கைக் கப்பல்கள் மீன்பிடிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது ஒரு துணைப்பத்தி. மீனும் எண்ணெயும் அங்கே ஒன்றாகப் போகாது என்பதை டெல்லி 1976லேயே எழுத்தில் ஏற்றிருக்கிறது. 2024இல் குமரிக்குத் தெற்கே எண்ணெய், எரிவாயு ஆய்வுக்கான கடற்பகுதிகள் ஏலத்துக்கு வந்தபோது எழுதப்பட்ட எத்தனையோ கட்டுரைகளில், கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த இந்தச் சான்று இல்லை. எல்லாவற்றிலும் கச்சத்தீவு இருந்தது.

எழுத உட்காருமுன் ஒரு தாளில் நான்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். படகு எந்த இடத்தில் நின்றது? ஜிபிஎஸ் புள்ளி கிடைத்தால் அட்சரேகை, தீர்க்கரேகையோடு. அது யாருடைய கடல்? எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள்? இலங்கை என்றால் 1979ஆம் ஆண்டின் வெளிநாட்டு மீன்பிடிப் படகுச் சட்டமும் அபராதத்தை உயர்த்திய 2018 திருத்தமும். சாகோஸ் என்றால் 2010இல் பிரிட்டன் அறிவித்த பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி விதிகள். கடைசியாக, விடுவிக்கும் அதிகாரம் யாரிடம்? சாகோஸ் விஷயத்தில் இது தனிக் கவனம் கேட்கிறது. இறையாண்மையை மொரீசியசுக்கு மாற்றும் ஒப்பந்தத்தில் 2025 மே 22இல் பிரிட்டன் கையெழுத்திட்டது. கையெழுத்தான நாளும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் நாளும் வேறுவேறு. அந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எழுதினால், வீட்டார் கொடுக்கும் மனு தவறான தூதரகத்துக்குப் போய்ச் சேரும்.

‘நெருக்கடிநிலையில் கச்சத்தீவு போனது’

இப்படியும் எழுதுகிறார்கள். இல்லை. நெருக்கடிநிலை 1975 ஜூன் 25இல் வந்தது. கச்சத்தீவு ஒப்பந்தம் அதற்கு ஓராண்டு முந்தியது. 1976 கடிதம்தான் நெருக்கடிநிலையில் எழுதப்பட்டது. அந்த ஆண்டு ஜனவரி 31இல் தமிழக அரசு கலைக்கப்பட்டுவிட்டதால், எதிர்த்துத் தீர்மானம் போட இங்கே சட்டமன்றமும் இல்லை.

‘சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது’

2012 பிப்ரவரி 15 அன்று என்ரிகா லெக்சி கப்பலிலிருந்து இத்தாலியக் கடற்படையினர் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் இந்த மாவட்டத்துக்காரர். இந்த வழக்கைத் தொடும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ‘சர்வதேச நீதிமன்றம்’ என்றுதான் எழுதுகின்றன. அந்த நீதிமன்றத்துக்கு வழக்கு போகவே இல்லை. ஹாம்பர்க்கில் உள்ள கடல்சட்டத் தீர்ப்பாயம் 2015 ஆகஸ்டில் இடைக்கால உத்தரவு மட்டும் தந்தது. முடிவு சொன்னது, கடல்சட்ட உடன்படிக்கையின் 7ஆம் இணைப்பின்படி அமைந்த நடுவர் மன்றம். ஹேக்கில் உள்ள நிரந்தர நடுவர் நீதிமன்றம் அதன் அலுவலக வேலைகளைப் பார்க்கும் பதிவகமாக இருந்தது, அவ்வளவுதான். வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியாவில் விசாரிக்க முடியாது, ஆனால் இத்தாலி இழப்பீடு தரவேண்டும் என்பது 2020 மே 21 முடிவு. 10 கோடி ரூபாய் வந்தபின் 2021 ஜூன் 15இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது: இரண்டு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. எந்த மன்றம் என்று தெரிந்தால்தான், அடுத்த முறை இப்படி நடக்கும்போது எந்தக் கதவைத் தட்டலாம் என்று சொல்லமுடியும்.

தடைக்காலம் ஒரே தேதியில் இல்லை

“தமிழகத்தில் ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடை” என்று எழுதினால் குமரியில் பாதி தப்பு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். ஒரே மாவட்டத்தில் ஒரு துறைமுகம் மூடும்போது இன்னொன்று திறந்திருக்கும். நிவாரணம், டீசல் மானியம் பற்றி எழுதுகிறவருக்கு இதுதான் முதல் பாடம்.

மாநிலமா, மத்தியா

12 கடல்மைல் வரை மீன்வளம், அரசியலமைப்பின் அதிகாரப் பட்டியல்களில் மாநிலப் பட்டியல், 21ஆம் பதிவு. அதைத் தாண்டினால் மத்தியப் பட்டியல், 57ஆம் பதிவு. யாரைக் குறைசொல்கிறீர்கள் என்பதை இந்தக் கோடு தீர்மானிக்கட்டும்.

மைல்

கடல்மைல் என்றால் 1.852 கிலோமீட்டர். வெறும் ‘மைல்’ என்று எழுதாதீர்கள்.

கொள்கை அளவில் ஒப்புதல்

2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை குமரி மாவட்டத்து இனயம் துறைமுகத்துக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. அன்றே ‘துறைமுகம் வந்துவிட்டது’ என்று எழுதியவர்களும், ‘ஊரே அழிந்துவிட்டது’ என்று எழுதியவர்களும் ஒரே தவறைத்தான் செய்தார்கள். விரிவான திட்ட அறிக்கை, சுற்றுச்சூழல் அனுமதி, நிலம், பணம், ஒப்பந்தப்புள்ளி எல்லாம் அதற்குப் பின்னால் வரும் படிகள். இடமே பிறகு கீழமணக்குடி பக்கம் மாறியது, துறைமுகம் வரவில்லை. எல்லை தாண்டினால் கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2இல் திறக்கப்பட்டாயிற்று. எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

வளைகுடா என்று மொத்தமாக

பஹ்ரைன், கத்தார், சவூதி, ஈரான் நான்கிலும் நம் ஊர்க்காரர்கள் கூலிக்கு மீன்பிடிக்கிறார்கள். நான்கையும் ஒரே வாக்கியத்தில் அடைத்தால் விஷயம் கெட்டுவிடும். 10ஆம் வகுப்பு முடிக்காதவர் வேலைக்குப் போக 1983 குடிபெயர்வுச் சட்டப்படி இந்திய அரசின் அனுமதி வேண்டிய 18 நாடுகளில் முதல் மூன்றும் உண்டு, ஈரான் இல்லை. ஆகவே ஈரானுக்குப் போனவரின் ஒப்பந்தத்தை இந்தியாவில் எந்த அலுவலரும் பார்த்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. 2020இல் கொரோனா வந்து அங்கே சிக்கியவர்களை இந்தியக் கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் ஜலஷ்வா பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து ஏற்றி ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் இறக்கியது, 687 பேர். அப்போது எழுதப்பட்டவை பெரும்பாலும் கப்பலுக்கு நன்றி சொன்னதோடு முடிந்துவிட்டன. சம்பள பாக்கி, முதலாளி பிடித்துவைத்த பாஸ்போர்ட், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்ற மூன்றையும் வீடுவீடாகக் கேட்டுக் குறித்திருந்தால், ஈரானை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைக்கு ஆவணம் கையில் இருந்திருக்கும். அதை இப்போதும் கேட்டுக் குறிக்கலாம். போய்வந்தவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள்.