ஈசிஆர்ல பாண்டிச்சேரி போறீங்களா, போற வழியெல்லாம் எடது பக்கம் திரும்புங்க

சென்னைல இருந்து ஈசிஆர்ல, அதாவது கெழக்குக் கடற்கரை ரோட்டுல, பாண்டிச்சேரி சுமார் 150 கிலோமீட்டர், நெறைய பேர் மூணு மணி நேரத்துல போய் சேந்துட்டு "கடற்கரை ரோடுன்னாங்க, கடலே சரியா தெரியலையே"ன்னு கேப்பாங்க. உண்மைதான், ரோடு பெரும்பாலும் கடலுக்கு கொஞ்சம் உள்ள தள்ளித்தான் ஓடுது, நடுவுல ரிசார்ட் காம்பவுண்டு, சவுக்குத் தோப்பு, குப்பங்கள்னு மறைச்சிடும். பாக்க வேண்டியது எல்லாம் கெழக்க பிரியுற சின்ன ரோடுங்க முடியுற எடத்துலதான் இருக்கு. தெக்க போகும்போது கடல் நம்ம எடது கை பக்கம், அதனால யூ டர்ன் தேட வேண்டாம், எதிர்ல வர்ற வண்டிய வெட்ட வேண்டாம், இண்டிகேட்டர போட்டு அப்படியே ஒடிச்சு உள்ள போயிடலாம். திரும்பி வரும்போது இதே எடத்துக்கெல்லாம் குறுக்க வெட்டித்தான் போகணும், இந்த ரோட்டுல வர்ற ஸ்பீடுக்கு அது ரொம்ப ஆபத்து. அதனால எல்லாத்தையும் போகும்போதே பாத்துடுங்க, வரும்போது திண்டிவனம் வழியா வந்தாக்கூட பரவால்ல.

கெளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சிக்கங்க, இந்த ரோடு அவ்ளோ பழசு இல்ல. மீனவ ஊர்களுக்கு தனித்தனியா இருந்த குட்டி ரோடுகள ஒண்ணா சேத்து, ஆசிய வளர்ச்சி வங்கி கடன்ல 90கள்ல போட்டது, மரம் வெட்டுறாங்க கடற்கரை பாழாகும்னு அப்பவே எதிர்ப்பு இருந்துச்சு, 1998ல ரோடு முடிஞ்சுது, 2002ல டோல் வந்துச்சு. அப்ப அதுக்கு முன்னாடி இந்தக் கரையில சரக்கு எப்படி போச்சுன்னா, தண்ணியில போச்சு. ரோட்டுக்கு மேற்க, ஈசிஆருக்கும் ஓஎம்ஆருக்கும் (பழைய மாமல்லபுரம் ரோடு) நடுவுல ஓடுற பக்கிங்காம் கால்வாய்தான் அந்தக் கால ஹைவே. 1806ல காக்ரேன்ங்கிறவர் ஆரம்பிச்ச கால்வாய், 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல நிவாரண வேலையா ஜனங்கள வச்சு நடுவுல விட்டுப்போன துண்ட வெட்டி இணைச்சாங்க, பேரு அப்ப கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபுவோடது. ஆந்திராவுல பெத்தகஞ்சாம்ல இருந்து மரக்காணம் வரைக்கும் 400 கிலோமீட்டருக்கு மேல, உப்பும் விறகும் நெல்லும் படகுலதான் மெட்ராஸ் வந்துச்சு. இப்ப சிட்டிக்குள்ள அத பாத்தா சாக்கடைன்னுதான் தோணும், பஞ்சத்துல பசியோட மண்ணு சுமந்தவங்க வெட்டினதுன்னு தெரிஞ்சா பார்வையே மாறிடும்.

சரி ரூட்டுக்கு வருவோம். காலைல அஞ்சரைக்கெல்லாம் திருவான்மியூர் தாண்டிடுங்க, அக்கரை வரைக்கும் சிக்னல் மேல சிக்னல், லேட்டானா அங்கயே ஒரு மணி நேரம் போயிடும். சனிக்கிழமை ராத்திரியும் ஞாயித்துக்கிழமை சாயங்காலமும் இந்த ரோடு வேண்டவே வேண்டாம், ரேஸ் விடுற பசங்களும் குடிச்சிட்டு ஓட்டுறவங்களும் அப்பதான் அதிகம். உத்தண்டில டோல், பைக்குக்கு கெடையாது. முட்டுக்காடு பாலத்து மேல வண்டிய நிறுத்தி போட்டோ எடுக்காதீங்க, தாண்டி ஓரங்கட்டிட்டு நடந்து வந்து பாருங்க. தட்சிணசித்ராவுக்கு தனியா ஒரு நாள் வேணும், நாலு மாநிலத்து பழைய வீடுகள பிரிச்சு கொண்டுவந்து மறுபடி கட்டி வச்சிருக்காங்க, அவசரமா பாத்தா வீண், செவ்வாக்கிழமை லீவு.

கோவளத்துல 1752ல கிளைவ் புடிச்ச கோட்டை இருந்துச்சு, இப்ப தேடிப் பாக்க ஒண்ணும் இல்ல, இட்லி சாப்டுட்டு கெளம்புங்க. திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயில் வலது பக்கம், ரோட்ட கிராஸ் பண்றப்ப ஜாக்கிரதை.

மாமல்லபுரத்துக்கு கொஞ்சம் முன்னாடி சாளுவன்குப்பம் வரும், எல்லாரும் புலிக்குகை முன்னாடி போட்டோ எடுத்துட்டு போயிடுறாங்க, அங்கயே கொஞ்ச தூரம் நடந்து முருகன் கோயில பாருங்க, தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. 2004 சுனாமி மணல அரிச்சுட்டு போனதுல ஒரு பாறையில கல்வெட்டு வெளிய தெரிஞ்சுது, அதுல ஒரு சுப்பிரமணியர் கோயில பத்தி இருக்கவும் தொல்லியல் துறைக்காரங்க தோண்ட ஆரம்பிச்சாங்க, மணலுக்கு அடியில முழு கோயிலே இருந்துச்சு. மேல பல்லவர் கால கருங்கல், அதுக்கு கீழ அதவிட பழைய செங்கல் கட்டடம், சங்க காலத்துதுன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. குனிஞ்சு அந்த செங்கல் வரிசைய பாருங்க, இன்னைக்கு நாம வாங்குற செங்கல்ல விட எவ்ளோ பெருசு, எவ்ளோ அகலம்னு தெரியும். முன்னாடி கல்லுலயே ஒரு வேல் நட்டு வச்சிருக்கு. இந்த ரோட்டுல ஒரே ஒரு எடம்தான் நிறுத்த முடியும்னா நான் இததான் சொல்வேன்.

மாமல்லபுரம் பத்தி நான் சொல்ல என்ன இருக்கு, வெயில் ஏறுறதுக்குள்ள கடற்கரைக் கோயில் பாத்துடுங்க.

அங்க இருந்து தெக்க நாலு வழி வேலை நடக்குது, டைவர்ஷன் போர்டு பாத்து ஓட்டுங்க, ராத்திரி இந்த பகுதி வேண்டாம். கல்பாக்கம் பக்கத்துலதான் சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரங்க துணி ஏத்துமதி பண்ண கோட்டை, உள்ள அவங்க கல்லறைங்க இருக்கு, அந்தப் பலகைக்கல்லுல இருக்குற செதுக்கு வேலைய பக்கத்துல நின்னு பாக்கணும், பூட்டியிருந்தா வாட்ச்மேன்கிட்ட கேளுங்க. அடுத்து கடப்பாக்கத்துல ஆலம்பரை கோட்டை, 1750ல பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்கு போய் 1760ல இங்கிலீஷ்காரங்க இடிச்சது, கழிமுகத்து ஓரமா செங்கல் சுவர் மட்டும் நிக்குது. படகுல மணல் திட்டுக்கு கூட்டிட்டு போவாங்க, ஏறுறதுக்கு முன்னாடியே ரேட்டு பேசிடுங்க, லைஃப் ஜாக்கெட் இல்லன்னா ஏறாதீங்க. எந்த ஊரா இருந்தாலும் கடல்ல எறங்குறதுக்கு முன்னாடி அங்க இருக்குற மீனவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, அவங்க வேணாம்னா வேணாம்தான், இந்தக் கரையில இழுப்பு ஜாஸ்தி.

மரக்காணம் உப்பளத்துக்கு மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் போனா நல்லா பாக்கலாம், காலைல சீக்கிரமே வேலை ஆரம்பிச்சிடும், வெறுங்கால்ல பாத்தியில எறங்கி நீளக் கம்புல பலகை மாட்டி உப்ப வாரி வரப்புல குவிப்பாங்க. அவங்ககிட்ட கேக்காம போட்டோ எடுக்காதீங்க, பாத்தி வரப்ப மிதிச்சு ஒடைக்காதீங்க. பக்கிங்காம் கால்வாய் முடியுறதும் இந்தப் பக்கம்தான். ஐப்பசி கார்த்திகையில மட்டும் புயல் செய்தி பாத்துட்டு கெளம்புங்க, 2020ல நிவர் புயல் கரைய கடந்தது இதே மரக்காணம் பக்கத்துலதான்.

பாண்டியோட ரோடு முடியல, கடலூர், சிதம்பரம், டேனிஷ்காரங்க 1620ல கோட்டை கட்டின தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், தொண்டி, ராமநாதபுரம்னு தூத்துக்குடி வரைக்கும் போகுது, அதுக்கு குறைஞ்சது மூணு நாள் ஒதுக்குங்க. அந்தப் பக்கம் போறவங்க மல்லிப்பட்டினம் கிட்ட மனோராவ விடாதீங்க, நெப்போலியன் தோத்ததுக்காக தஞ்சாவூர் சரபோஜி ராஜா நம்ம கடலோரத்துல கட்டின கோபுரம் அது.

பஸ்ல போறவங்களும் இதெல்லாம் பாக்கலாம், சாளுவன்குப்பத்துக்கு மாமல்லபுரத்துல எறங்கி ஆட்டோ புடிச்சுக்கலாம், மத்த எடத்துக்கு அந்தந்த ஊர்ல எறங்கி அடுத்த பஸ் ஏறிக்கலாம். ஆனா ஏறும்போது போர்டுல ஈசிஆர்னு போட்டிருக்கான்னு பாருங்க, பாண்டிச்சேரின்னு மட்டும் பாத்து திண்டிவனம் வழி பஸ்ல ஏறிட்டா இதுல ஒரு ஊர் கூட வராது.