வயது போனவர்களுக்கு ஸ்மார்ட் கருவி: நாங்கள் விடுகிற பிழைகள்

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருக்கிற எங்கள் அம்மம்மாவுக்கு, விழுந்தால் தானாகவே தகவல் அனுப்பும் என்று சொல்லி, மாமா ரொறன்ரோவிலிருந்து ஒரு ஸ்மார்ட் வொட்ச் கொண்டுவந்து கட்டிவிட்டார். அம்மம்மா விழுந்தது கிணற்றடியில், குளிக்கப் போன இடத்தில். வொட்ச்? நனைந்து பழுதாகிவிடும் என்று கழற்றி, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் திருநீற்றுத் தட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அது தண்ணீர் பட்டாலும் பழுதாகாத வொட்ச் என்று நாங்கள் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. காயம் பெரிதில்லை, ஆனால் அந்தத் தட்டை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

ஆகவே கருவியைக் கட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். பக்கத்தில் இருந்து இரண்டு மூன்று நாளாவது பழக்குங்கள்.

அடுத்த பிழை, தகவலை வெளிநாட்டுப் பிள்ளையின் போனுக்கு மட்டும் போக விடுவது. இங்கே மத்தியானம் 2 மணி என்றால் ரொறன்ரோவில் விடிகாலை 3.30 அல்லது 4.30, போன் சத்தமில்லாமல் கிடக்கும். எழும்பிப் பார்த்தாலும் அங்கிருந்து என்ன செய்வது? முதல் இலக்கம் நடந்து வரக்கூடிய ஒருவருடையதாக இருக்கட்டும், அவரிடம் கேற் திறப்பு ஒன்றும் இருக்கட்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், ஆனால் அது இலங்கைக்குள் அடிக்கிற இலக்கம். ஒழுங்கைக்குள் வீடு என்றால் எந்தக் கோயிலடியால் திரும்ப வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், பதற்றத்தில் ஒருவருக்கும் வாயில் வராது.

கரண்ட் போனால் வைபையும் போய்விடும், அதோடு கமராவும் சென்சரும் சும்மா கிடக்கும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே. வைபை தருகிற ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓடவைக்கிற பற்றரிப் பெட்டி) போடுங்கள்.

கமரா விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். படுக்கையறையில், உடுப்பு மாற்றுகிற இடத்தில், கேட்காமலே கமரா பூட்டுகிறார்கள். உதவிக்கு நிற்கிற அக்காவுக்கும் சொல்வதில்லை, பிறகு அவர் ஐந்து நிமிடம் விறாந்தையில் இருந்தால் லண்டனிலிருந்து கோல் வருகிறது: ஏன் சும்மா இருக்கிறீர்கள்? இரவில் மூன்று தரம் எழும்பிப் பார்த்தவருக்கு அது எப்படி இருக்கும்? பராமரிக்கிறவரும் மனிசர்தான். எங்கே கமரா, யார் பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்று இரண்டு பேரையும் வைத்துக் கதைத்துவிட்டுப் பூட்டுங்கள். பலநேரம் கதவு திறந்ததைச் சொல்லுகிற ஒரு சின்ன சென்சரே போதும். கமராவோடு வந்த பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

கருவி காட்டுகிற எண்ணை அப்படியே நம்பி மருந்தை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கிணற்றடியிலிருந்து நடந்து வந்த கையோடு, சட்டைக் கைக்கு மேலால் பட்டியைச் சுற்றி, கதைத்துக்கொண்டே பிரஷர் பார்த்தால் கூடத்தான் காட்டும். முதுகு சாய்த்து, கால் நிலத்தில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, கை நெஞ்சு உயரத்தில் இருக்கப் பாருங்கள், ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தரமும் பாருங்கள். விரலில் மாட்டுகிற ஒட்சிசன் கருவிக்கு நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் ஆகாது. எண் கூடவோ குறையவோ தெரிந்தால் போனில் "இன்னொரு குளிசை போடுங்கோ" என்று சொல்லிவிடாதீர்கள். எண்களைத் திகதியோடு கொப்பியில் எழுதி, கிளினிக்குக்குப் போகும்போது டொக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், கை கால் இழுத்தல் என்றால் கருவியைத் தேடவே வேண்டாம், நேரே 1990.

கடைசியாக, சார்ஜ். பலரும் வொட்சை இரவில் கழற்றிச் சார்ஜில் போடுகிறார்கள், இருட்டில் தனியே எழும்பி ரொயிலட்டுக்குப் போகும்போது கை வெறுமையாக இருக்கும். அம்மம்மா இப்போது பின்னேரம் நாடகம் பார்க்கக் கதிரையில் இருந்ததும் கழற்றித் தருவார், நாடகம் முடியத் தானே கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.