காய்ச்சலுக்குப் பிறகு வாசிப்பு ஓடாதபோது

டெங்குக் காய்ச்சல் விட்ட பிறகு எனக்கு வாசிப்பு நின்றுபோனது. கண் வரி மேல் ஓடும். பக்கத்தின் அடிக்கு வந்தால் மேலே என்ன இருந்தது என்று தெரியாது. சரியான எரிச்சல்.

முதலில் மெல்லிய புத்தகங்களாகத் தேடினேன். திருகோணமலையில் நூலகத்திலிருந்து கவிதைத் தொகுப்பு, குறுநாவல் என்று எடுத்து வந்தேன். மெல்லிய புத்தகத்தில்தான் ஒவ்வொரு வரியும் கனம்; சரிவரவில்லை. அப்புறம் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் பழைய ஈழத்து நூல்களின் பிடிஎஃப். அருமையான சேகரம், ஆனால் ஃபோனில் பக்கத்தைப் பெருப்பித்து இழுப்பதிலேயே கவனம் போய்விடும். ஒலிப்புத்தகத்தை டச்சு பே கடற்கரையில் நடந்தபடி கேட்டேன். காற்றுச் சத்தம்தான் மிச்சம்.

கைகொடுத்தது வாரப் பத்திரிகையில் தொடராக வந்த நாவல். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை அப்படி வந்ததுதான். ஐந்து பாகம் என்றதும் மிரள வேண்டாம். இதழுக்குள் அடங்க வேண்டியிருந்ததால் அத்தியாயங்கள் சின்னவை. ஒரு வாரம் இடைவெளி விட்டு வாசிப்பவர்களுக்காக எழுதியது என்பதால் முன்கதையும் அங்கங்கே நினைவுபடுத்தப்படும். மறதிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

இன்னொன்று: அத்தியாயம் முடிந்த இடத்தில் மூடினால் மறுநாள் எடுக்க மனம் வராது. அடுத்த அத்தியாயத்தின் முதல் பக்கத்தையும் வாசித்து, அங்கே பஸ் டிக்கெட்டைச் செருகிவிட்டு மூடுவேன். அதற்குப் பிறகு தடங்கல் இல்லை. இரண்டாம் பாகத்துக்கு வந்துவிட்டேன். இப்போது எந்தப் பழைய நாவலை எடுத்தாலும், தொடராக வெளிவந்ததா என்று முன்னுரையில்தான் முதலில் பார்க்கிறேன்.