பட்டுப்புடவையும் பாச்சை உருண்டையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டில் அம்மா அலமாரியைத் திறந்தார். மாம்பழ நிறக் காஞ்சிபுரப் பட்டின் மடிப்பில், எண்ணெய் சிந்தியதுபோல் உள்ளங்கை அகலக் கறை. பழைய பாச்சை உருண்டைகள் கடுகாய்ச் சிறுத்துவிட்டனவே என்று, வேறு கடையில் வாங்கிய புதியவற்றை நான்தான் மேலே போட்டிருந்தேன்.

பழையவை நாப்தலின், 80 டிகிரியில் உருகும். புதியவை பாராடைகுளோரோபென்சீன், 53 டிகிரி. இரண்டும் ஒட்டிக் கிடந்தால் உருகுநிலை மளமளவென்று இறங்கி, பினாங்குப் புழுக்கத்திலேயே இளகிக் கசியும். சூடத்தோடு சேர்ந்தாலும் இதே கதிதான். ஆகவே எதையும் எதோடும் கலக்காதீர்கள்.

‘உபாட் கெகாட்’ (பாச்சை உருண்டைக்கு மலாய்ப் பெயர்) என்று மட்டும் எழுதிய பொட்டலத்தில் எது இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரு தம்ளர் தண்ணீரில் இனிக் கரையாது என்னும்வரை உப்பைப் போட்டுக் கலக்குங்கள். நாப்தலின் மிதக்கும், பாராடைகுளோரோபென்சீன் மூழ்கும்.

பாராடைகுளோரோபென்சீனின் மூலக்கூறு, பென்சீன் வளையத்தில் எதிரெதிரே இரண்டு குளோரின் அணுக்கள் அமர்ந்தது. உருகாமலே ஆவியாகும். துணியை அரிக்கும் பூச்சிப் புழுவைக் கொல்வது உருண்டை இல்லை, அந்த ஆவி. அது காற்றைப்போல் ஐந்து மடங்கு கனம், கீழே இறங்கும். அதனால் உருண்டையை அடித்தட்டில் போடுவது வீண். காகிதத்தில் மடித்துத் துணிக்கு மேலே வைத்து, பெட்டியை இறுக மூடுங்கள். பிளாஸ்டிக் பொத்தான், செயற்கைத் தோல் பை, போலிஸ்டைரின் பெட்டி பக்கத்தில் வேண்டாம்; சிலவகைப் பிளாஸ்டிக்கை இது இளக்கிவிடும்.

திறந்த அறையிலும் குளியலறையிலும் போட்டால் பூச்சி சாகாது, ஆவியை நாம்தான் சுவாசிப்போம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் இது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜூன் முதல் கழிவறைக் கட்டிகளிலும் அறை மணமூட்டிகளிலும் இதை விற்பதைத் தடுத்துவிட்டது. நம் வீட்டுக் கழிவறையில் இதைத் தொங்கவிட எனக்கு மனம் வருவதில்லை.

சாமி மாடத்துக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். பார்வைக்குச் சூடம் போலவே இருக்கும். தெரியாமல் ஏற்றினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும் பயம் வேறு.

புடவையை உடுத்துவதற்கு முந்தைய நாளே வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விரியுங்கள். கைக்குழந்தைத் துணிக்கு எந்த உருண்டையும் வேண்டாம். மலேசியாவில் பிறந்தவுடன் குழந்தைக்கு ஜி6பிடி என்னும் நொதி குறைவா என்று பரிசோதனை செய்கிறார்களே, அந்தக் குறைபாடுள்ள குழந்தைக்கு நாப்தலின் ஏறிய துணியே இரத்த சிவப்பணுக்களை உடைத்துவிடும்.